தொண்ணூறு நாள் கெடு: ஐந்து ஜனாதிபதிகள், மூன்று உள்நாட்டுப் போர்கள்

1987 ஆகஸ்ட் 7, குவாத்தமாலா நகரம். ஹோண்டுராஸ் ஜனாதிபதி ஹோசே அஸ்கோனா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்து நாட்டு அரசைக் கவிழ்க்கப் பார்க்கும் ஆயுதக் குழுக்களுக்கு எங்கள் மண்ணில் இடம் கொடுக்க மாட்டோம் என்கிறது அந்தக் காகிதம். அதுவரை ஹோண்டுராஸ் அரசு வெளியில் சொல்லிவந்தது வேறு: எங்கள் நாட்டில் கான்ட்ரா (நிகராகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட ஆயுதக் குழு) முகாமே கிடையாது. நிஜத்தில், நிகராகுவா எல்லையை ஒட்டிய எல் பராய்ஸோ மாநிலத்தில் ஆயிரக்கணக்கான கான்ட்ராக்கள் குடும்பம் குட்டியோடு முகாம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க் காப்பி விவசாயிகள் பலர் தோட்டத்தை விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அந்தப் பகுதிக்குப் ‘புது நிகராகுவா’ என்றே பெயர் வந்திருந்தது. இல்லாத முகாம்களை மூடுவதாக ஒரு நாடு எழுதிக்கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் காகிதம்தான் எஸ்கிபுலாஸ் ஒப்பந்தம். சரியாகச் சொன்னால் இரண்டாம் எஸ்கிபுலாஸ். கோஸ்டாரிகா, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா என்று மத்திய அமெரிக்காவின் ஐந்து ஜனாதிபதிகள் போட்டது. ஐந்தில் மூன்று நாடுகளில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் மற்றவரை முழுதாக நம்பவில்லை. களத்தில் நின்ற கிளர்ச்சிக் குழு ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. வாஷிங்டனுக்கு அது பிடிக்கவும் இல்லை. இப்படி ஒரு ஒப்பந்தம் ஆறு மாதம் தாண்டியிருந்தாலே ஆச்சரியம். ஆனால் அது இழுத்துக்கொண்டே போய் மூன்று போர்களும் முடிய வழிவிட்டது. எப்படி என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு. என் கணிப்பில், அதிலிருந்த நல்ல வார்த்தைகளைவிட அதிலிருந்த தேதிகள்தான் அதைக் காப்பாற்றின.

ஒரே முடிச்சில் மூன்று போர்

நிகராகுவாவில் 1979 ஜூலை 19 அன்று இடதுசாரிப் புரட்சியாளர்களான சாண்டினிஸ்டாக்கள், நாற்பது ஆண்டுக்கு மேல் நாட்டைப் பிடித்துவைத்திருந்த சொமோசா குடும்ப ஆட்சியை முடித்தார்கள். சீக்கிரமே அவர்களுக்கு எதிராக கான்ட்ராக்கள் கிளம்பினார்கள். சொமோசாவின் பழைய தேசியக் காவல்படையினர் அதில் இருந்தார்கள். புதிய அரசின் மேல் கோபப்பட்ட மலையக விவசாயிகளும், அட்லாண்டிக் கரை மிஸ்கிட்டோ மக்களில் ஒரு பகுதியும் ஆயுதம் ஏந்தினார்கள். பணமும் ஆயுதமும் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசிடமிருந்து வந்தன. 1984 தொடக்கத்தில் நிகராகுவாவின் துறைமுகங்களில் சிஐஏ கண்ணிவெடி போட்டது. 1986 ஜூன் 27 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றம், அமெரிக்கா செய்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டே நாள் முன்னால்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கான்ட்ராக்களுக்குப் பத்துக் கோடி டாலர் கொடுக்க வாக்களித்திருந்தது. தீர்ப்பை வாஷிங்டன் கண்டுகொள்ளவில்லை.

எல் சால்வடோரில் காட்சி தலைகீழ். அங்கே அரசுக்கு அமெரிக்கா. எதிர்த்து நின்ற எஃப்எம்எல்என் என்ற இடதுசாரி கெரில்லாக்களுக்கு நிகராகுவாவும் கியூபாவும். பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 75,000 பேர் செத்தார்கள். குவாத்தமாலாவின் போர் எல்லாவற்றுக்கும் மூத்தது, 1960-இலேயே தொடங்கியது. கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களுமாக இரண்டு லட்சம் பேர். பின்னால் அமைந்த உண்மையறியும் ஆணையம், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா பழங்குடியினர் என்று சொன்னது.

கோஸ்டாரிகாவிலும் ஹோண்டுராஸிலும் உள்நாட்டுப் போர் இல்லை. ஆனால் அண்டை வீட்டுச் சண்டை அவர்கள் கொல்லைப்புறத்தில் நடந்தது. ஓர் அரசின் எதிரி இன்னொரு அரசின் விருந்தாளி. அதனால் யாரும் தனியாகத் தன் போரை முடிக்க முடியாது. ‘நீ முதலில் என் எதிரிக்குச் சோறு போடுவதை நிறுத்து, அப்புறம் பேசலாம்’ என்பதே எல்லோருடைய பதிலும்.

முத்துத் தீவில் எண்ணியது

முதலில் முயன்றவர்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். 1983 ஜனவரியில் மெக்சிகோ, வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் பனாமாவின் கொன்டடோரா தீவில் கூடினார்கள். முத்துக்குளிப்பு நடந்த தீவுக்கூட்டம் அது. ஸ்பானியர்கள் முத்துகளைக் கணக்குப் பார்த்த இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். நாட்டைவிட்டு ஓடிய ஈரான் ஷா சில மாதங்கள் தங்கியிருந்ததும் இங்கேதான்.

கொன்டடோரா குழு மோசமான வேலை செய்யவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால், நிகராகுவாவுக்கும் ஹோண்டுராஸுக்கும் நேரடிப் போரே மூண்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். பிரச்சினை அவர்கள் எழுதிய வரைவில் இருந்தது. அது கிட்டத்தட்ட ஒரு ராணுவக் கணக்கு நோட்டு. எத்தனை சிப்பாய், எத்தனை வெளிநாட்டு ஆலோசகர், எந்தத் தளம், எந்தக் கூட்டுப் பயிற்சி, யார் சரிபார்ப்பது என்று எண்ணிக்கொண்டே போனது. எண்ண ஆரம்பித்ததும், அந்த வட்டாரத்திலேயே பெரிய படைப் பயிற்சிகளை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கா மேல்தான் அது முதலில் இடித்தது.

1984 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. கொன்டடோரா வரைவை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே ஏற்பதாக நிகராகுவா அறிவித்தது. சாண்டினிஸ்டாக்கள் முரண்டுபிடிப்பார்கள், பழியை அவர்கள்மேல் போடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. அதுவரை வரைவைப் பாராட்டிய ஹோண்டுராஸும் எல் சால்வடோரும் கோஸ்டாரிகாவும் திடீரென்று அதில் ஓட்டை கண்டுபிடித்தன. அடுத்த மாதம் ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவில் கூடித் திருத்தம் கேட்டன. கொன்டடோரா முயற்சியை வெற்றிகரமாகத் தடுத்துவிட்டோம் என்று அமெரிக்க தேசியப் பாதுகாப்புக் குழுவின் ஒரு குறிப்பு பெருமைப்பட்டுக்கொண்டது; அதுவும் வெளியே கசிந்துவிட்டது. 1985-இல் அர்ஜென்டினா, பிரேசில், பெரு, உருகுவே ஆகியவையும் தோள்கொடுக்க வந்தன. 1986 ஜூனில் கடைசி வரைவும் கையெழுத்தாகாமல் போனது.

கறுப்பு ஏசுவின் ஊர்

எஸ்கிபுலாஸ் குவாத்தமாலாவின் கிழக்கு மூலையில் உள்ள சிறு நகரம். ஹோண்டுராஸ் எல்லையும் எல் சால்வடோர் எல்லையும் பக்கம். அங்குள்ள பெரிய வெள்ளைக் கோவிலில் 1595-ஆம் ஆண்டுக் கறுப்பு ஏசு சிலை இருக்கிறது. மத்திய அமெரிக்கா முழுவதிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வரும் தலம். நம் ஊர்க் கணக்கில் வேளாங்கண்ணி மாதிரி. எல்லைக் காவலர்கள் சண்டை போட்டாலும் யாத்ரீகர்கள் போய்வந்துகொண்டிருந்த ஊர்.

குவாத்தமாலாவில் நீண்ட ராணுவ ஆட்சிக்குப் பிறகு 1986 ஜனவரியில் பதவியேற்ற சிவிலியன் ஜனாதிபதி வினிசியோ செரெஸோ, மே மாதம் மற்ற நால்வரையும் அங்கே கூப்பிட்டார். அந்தச் சந்திப்பில் பெரிதாக ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வெளியூர் நடுவர் இல்லாமல். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது எஸ்கிபுலாஸில் இல்லை, தலைநகரில். ஆனாலும் பெயர் அந்தக் கோவில் ஊரோடேயே ஒட்டிக்கொண்டது.

ஐவரில் புதியவர் கோஸ்டாரிகாவின் ஆஸ்கர் ஆரியாஸ். முதல் எஸ்கிபுலாஸ் கூட்டத்துக்கு வந்தபோது பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு கோஸ்டாரிகா. சமாதானம் என்ற வாக்குறுதியோடு தேர்தலில் ஜெயித்த ஆரியாஸுக்கு, வந்ததும் ஒரு சங்கடம் காத்திருந்தது. நாட்டின் வடமேற்கில் சாண்டா எலெனா தீபகற்பத்தில், கான்ட்ராக்களுக்குச் சரக்கு இறக்க ஒரு ரகசிய விமான ஓடுதளம் இருந்தது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்றார். 1986 செப்டம்பரில் அவருடைய அரசு விஷயத்தை வெளியில் போட்டு உடைத்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தை ரீகன் அரசின் ஆட்கள் கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்–கான்ட்ரா ஊழல் இரண்டு மாதத்தில் வெடித்தபோது அந்த ஓடுதளமும் கதையில் வந்தது.

1987 பிப்ரவரி 15 அன்று தன் தலைநகர் சான் ஹோசேயில் ஆரியாஸ் தன் திட்டத்தை வைத்தார். நிகராகுவாவைத் தவிர மற்ற மூவரையும் கூப்பிட்டிருந்தார். கொன்டடோரா துப்பாக்கிகளை எண்ணியது என்றால், ஆரியாஸ் வேறொரு பட்டியல் போட்டார்: பத்திரிகை திறந்திருக்கிறதா, கட்சிகள் கூட்டம் போட முடிகிறதா, அவசரநிலை நீங்கிவிட்டதா, தேர்தல் எப்போது. அமெரிக்க செனட் 97-க்கு 1 என்ற வாக்கில் அதைப் பாராட்டியது. ஜனநாயகத்துக்காகத்தான் கான்ட்ராக்களுக்குப் பணம் தருகிறோம் என்று ஆறு வருடமாகச் சொன்னவர்கள், ஜனநாயகத்தையே கேட்கும் திட்டத்தை எதிர்த்து எப்படி வாக்களிப்பார்கள்? ரீகனுக்கு மட்டும் அது கசந்தது. அந்தத் திட்டப்படி, சாண்டினிஸ்டாக்கள் ஆட்சியில் இருக்கும்போதே கான்ட்ரா உதவி நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் ராத்திரி

கூட்டம் ஜூனில் நடப்பதாக இருந்தது. எல் சால்வடோர் ஜனாதிபதி நப்போலியோன் துவார்த்தே தள்ளிப்போடச் சொன்னார். கடைசியில் ஆகஸ்ட் 6, 7 என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 5 அன்று, ரீகனும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜிம் ரைட்டும் சேர்ந்து தங்கள் சொந்தத் திட்டத்தை அறிவித்தார்கள். செப்டம்பர் 30-க்குள் நிகராகுவா வழிக்கு வராவிட்டால், மறுபடி கான்ட்ராக்களுக்குப் பணம் கேட்போம் என்பதுதான் அதன் உள்ளுறை.

ஐந்து பேர் விமானம் ஏறுகிற நேரத்தில் அவர்களுடைய முடிவை வேறொருவர் எழுதி அறிவித்துவிட்டார். இது அவர்களைப் பிரிக்கும் என்று எதிர்பார்த்திருந்தால், நடந்தது நேர்மாறு. எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தை எங்களுக்கே வந்து சொல்கிறார்களா என்ற ரோஷம், வாஷிங்டனுக்கு நெருக்கமான துவார்த்தேவிடமும் அஸ்கோனாவிடமும்கூட எட்டிப்பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று தொடங்கிய பேச்சு நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. மறுநாள் கையெழுத்து.

ரோஷம் மட்டும் கையெழுத்து வாங்கித் தராது. ஒவ்வொருவருக்கும் உள்ளூரில் ஒரு நெருக்கடி இருந்தது. சாண்டினிஸ்டா ஜனாதிபதி டேனியல் ஓர்ட்டேகாவின் நிகராகுவாவில் பொருளாதாரம் நொறுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பணவீக்கம் 30,000 சதவீதத்தையும் தாண்டியது. போர் நிற்காவிட்டால் புரட்சியே மிஞ்சாது என்ற நிலை. துவார்த்தேவின் சொந்த மகளையே 1985-இல் கெரில்லாக்கள் கடத்தினார்கள். ஒரு பக்கம் கெரில்லா, இன்னொரு பக்கம் தன் பேச்சைக் கேட்காத ராணுவம். நிகராகுவா தன் எதிரிக்கு உதவுவதை நிறுத்தும் என்றால் அதுவே அவருக்கு லாபம். அஸ்கோனாவின் பயம் வேறு மாதிரி: அமெரிக்கா நாளைக்குக் கான்ட்ராக்களைக் கைகழுவிவிட்டால், ஆயுதத்தோடு இருக்கும் இந்த ஆயிரக்கணக்கானவர்கள் யார் தலையில் விழுவார்கள்? செரெஸோவுக்குத் தன் தளபதிகளுக்கு முன் ஓர் உலக அந்தஸ்து தேவைப்பட்டது.

காகிதத்தில் இருந்தது

ஒப்பந்தத்தின் முழுப் பெயரில் ‘உறுதியான, நீடித்த சமாதானத்தை நிறுவுவதற்கான நடைமுறை’ என்று வருகிறது. ‘நடைமுறை’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் அடிக்கோடிட்டுப் படிப்பேன். ஐந்து பேரும் உடன்படாத எதையும் அது முடிவுசெய்ய முயலவில்லை. கொன்டடோராவைக் கொன்ற ஆயுதக் கணக்கை ஒரு பத்தியில், பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. கையில் எடுத்தவை இவைதான்: பொதுமன்னிப்பு, ஆயுதம் ஏந்தாத எதிர்க்கட்சிகளோடு பேச்சு, போர்நிறுத்தத்துக்கு முயற்சி, பத்திரிகைச் சுதந்திரம், அவசரநிலை நீக்கம், தேர்தல், கிளர்ச்சியாளர்களுக்கு உதவி நிறுத்தம், மண்ணைப் பயன்படுத்த விடாமை, அகதிகள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆயுதம் ஏந்தாதவர்களோடுதான் பேசக் கட்டாயம் என்று எழுதியதால், கெரில்லாக்களோடு உட்கார வேண்டியதில்லை என்று துவார்த்தே நினைத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்களோடு உட்கார வேண்டியதில்லை என்று ஓர்ட்டேகா நினைத்துக்கொள்ளலாம். இருவரும் அந்த நினைப்போடுதான் பேனாவை எடுத்தார்கள் என்பது என் ஊகம்.

அப்புறம் தேதி. பதினைந்து நாளில் வெளியுறவு அமைச்சர்கள் கூட வேண்டும். தொண்ணூறாம் நாள், அதாவது நவம்பர் 5 அன்று, ஐந்து நாடுகளிலும் எல்லாக் கடமைகளும் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். 120-ஆம் நாள் சர்வதேச ஆணையம் ஒன்று சரிபார்க்கும். 150-ஆம் நாள் ஜனாதிபதிகள் மறுபடி கூடுவார்கள். ‘ஒரே நேரத்தில்’ என்ற அந்த ஏற்பாடுதான் பழைய முடிச்சை அவிழ்த்தது. நீ முதலில், அப்புறம் நான் என்று யாரும் சொல்ல வழியில்லை.

ஐந்தே நாளில் முதல் பலன் தெரிந்தது. கோஸ்டாரிகாமீது ஹேக் நீதிமன்றத்தில் போட்டிருந்த வழக்கை நிகராகுவா வாபஸ் வாங்கியது. ரீகனின் சிறப்புத் தூதர் ஃபிலிப் ஹபீப், இந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு உடனே அந்த வட்டாரத்துக்குப் போக நினைத்தார். வெள்ளை மாளிகை வேண்டாம் என்றது. அந்த மாதமே அவர் ராஜினாமா செய்தார்.

கெடு நெருங்க நெருங்க

அக்டோபர் 1 அன்று நிகராகுவா தலைநகர் மனாகுவாவில் ‘லா பிரென்சா’ நாளிதழ் மறுபடி வந்தது. முந்தைய ஆண்டு ஜூனில் சாண்டினிஸ்டா அரசு மூடிய பத்திரிகை அது. அதன் ஆசிரியராக இருந்த பெத்ரோ ஹோகின் சமோரோவை 1978 ஜனவரியில் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். சொமோசா ஆட்சிக்கு எதிரான கோபம் பற்றிக்கொண்டதே அந்தக் கொலைக்குப் பின்தான். அவர் மனைவி வியோலெட்டா பாரியோஸ் தே சமோரோ அப்புறம் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அக்டோபரில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று நடந்தது. ஹோண்டுராஸில் மேசா கிராண்டே என்ற அகதி முகாம். எல் சால்வடோரிலிருந்து ஓடிவந்து ஏழு வருடம்வரை வேலிக்குள் கிடந்த கிராமத்து ஜனங்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஊர் திரும்புகிறோம் என்று பஸ் பஸ்ஸாகக் கிளம்பிவிட்டார்கள். போர் நிற்கவில்லை. அவர்கள் போக வேண்டிய குவார்ஹிலா, சாண்டா மார்த்தா போன்ற ஊர்கள் நடுச் சண்டைக்களத்தில் இருந்தன. துவார்த்தே அரசு இதை விரும்பவே இல்லை. ஆனால் அகதிகள் திரும்ப வழிசெய்வோம் என்று இரண்டு மாதம் முன்னால்தான் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லையில் வைத்து எப்படித் தடுப்பார்? ராஜதந்திரிகள் வரிசையாக எழுதிவைத்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சாதாரண ஜனங்கள் ஓர் எல்லையைக் கடந்தார்கள். ஒப்பந்தங்களைப் படிக்கும்போது நான் இந்த மாதிரி வாக்கியங்களைத்தான் தேடுவேன்.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போகவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் துவார்த்தேவும் கெரில்லாத் தலைவர்களும் சான் சால்வடோரில் பேராயர் ரிவேரா தாமாஸ் முன்னிலையில் பேசினார்கள். மாதக் கடைசியில் மனித உரிமை ஆணையத் தலைவர் ஹெர்பர்ட் அனாயா சுட்டுக் கொல்லப்பட்டார். பேச்சு முறிந்தது. அதற்கு நடுவே, அக்டோபர் 13 அன்று, ஆரியாஸுக்கு நோபல் சமாதானப் பரிசு அறிவிக்கப்பட்டது. அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் பரிசு ஒப்பந்தத்துக்குப் போட்ட வேலி மாதிரி ஆயிற்று. இனி அதை மீறுகிறவர் உலகத்தின் முன் மீற வேண்டும்.

நவம்பர் 5 வந்தது. அன்றுதான் ஓர்ட்டேகா, கான்ட்ராக்களோடு போர்நிறுத்தம் பற்றி மறைமுகமாகப் பேசத் தயார் என்றார். இடையில் கர்தினால் ஒபாண்டோ இ பிராவோ, சாண்டினிஸ்டாக்களின் கடும் விமர்சகர். 1988 ஜனவரி நடுவில், கெடு சில நாள் தாண்டி, ஐந்து ஜனாதிபதிகளும் கோஸ்டாரிகாவில் கூடினார்கள். நேரடியாகவே பேசுகிறேன், அவசரநிலையையும் நீக்குகிறேன் என்று ஓர்ட்டேகா அடுத்த படி இறங்கினார். பிப்ரவரி 3 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை புதிய கான்ட்ரா உதவியை 219-க்கு 211 என்ற வாக்கில் தோற்கடித்தது. எட்டே வாக்கு வித்தியாசம். ஓர்ட்டேகா ஜனவரியில் இறங்கியிராவிட்டால் அந்த எட்டு வாக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சரிபார்க்க அமைத்த சர்வதேச ஆணையம் தன் அறிக்கையில், கான்ட்ராக்களுக்கு அமெரிக்க உதவி தொடர்வதே பெரிய தடை என்று எழுதியது. சில ஜனாதிபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஜனவரிக் கூட்டத்திலேயே அந்த ஆணையத்தின் கதையை முடித்துவிட்டார்கள். பரீட்சைத்தாளைத் திருத்திய வாத்தியாரை மாணவர்கள் வேலையைவிட்டு நீக்கியது மாதிரி. சரிபார்க்க ஆள் இல்லாமல் அடுத்த ஒன்றரை வருடம் ஒப்பந்தம் நொண்டியதற்கு இது ஒரு காரணம்.

சுங்கச்சாவடியில் ஒரு கையெழுத்து

1988 மார்ச் 23, சபோவா. நிகராகுவா–கோஸ்டாரிகா எல்லையில் ஒரு சோதனைச்சாவடி ஊர். அங்கே சுங்கக் கட்டடத்தில் ஒரு பக்கம் ஓர்ட்டேகாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரும் ராணுவத் தலைவருமான ஹும்பர்ட்டோ ஓர்ட்டேகா. எதிரே அடோல்ஃபோ கலேரோ முதலான கான்ட்ராத் தலைவர்கள். சாட்சியாக கர்தினாலும் அமெரிக்க நாடுகள் அமைப்பின் பொதுச்செயலாளரும். கூலிப்படை என்று இத்தனை நாள் திட்டியவர்களோடு சாண்டினிஸ்டா அரசு அறுபது நாள் போர்நிறுத்தம் எழுதிக்கொண்டது. நிரந்தர உடன்பாட்டுக்கான பேச்சு ஜூனில் முறிந்தது. ஆனாலும் முழு வேகப் போர் திரும்பவில்லை.

பிறகு மறுபடி கெடு, மறுபடி தவறல். 1989 பிப்ரவரியில் எல் சால்வடோர் கடற்கரையில் கூடினார்கள். நவம்பர் 1990-இல் வரவேண்டிய தேர்தலை பிப்ரவரி 25, 1990-க்கு முன்கூட்டி நடத்த ஓர்ட்டேகா ஒப்புக்கொண்டார். பதிலுக்கு, கான்ட்ராக்களைக் கலைக்கும் திட்டத்தைத் தொண்ணூறு நாளில் போடுவதாக மற்றவர்கள் சொன்னார்கள். தொண்ணூறு நாள் ஓடிப்போயிற்று. முதல் கையெழுத்துக்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, ஹோண்டுராஸின் டேலா ஊரில் அந்தத் திட்டம் வந்தது. டிசம்பருக்குள் கலைய வேண்டும் என்றது. கலையவில்லை. இப்படிக் கெடு தவறியதையெல்லாம் வைத்து எஸ்கிபுலாஸைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதைக் கந்துவட்டிக் கணக்காகப் பார்க்கிறேன்: தவணை தவறும்போதெல்லாம் தவறியவர் அடுத்த கூட்டத்தில் அசலோடு வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிகமாகக் கொடுத்தவர் ஓர்ட்டேகா.

தேர்தலில் அவர் தோற்றார். எதிர்த்து நின்ற வியோலெட்டா சமோரோவுக்குச் சுமார் 55 சதவீதம், ஓர்ட்டேகாவுக்கு 41. ஏப்ரல் 25 அன்று ஆட்சி கைமாறியது. அதன் பிறகுதான், எதிர்க்க ஆளில்லாத நிலையில், ஐநா பார்வையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கான்ட்ராக்கள் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். மனாகுவாவில் அப்படிச் சேர்ந்த துப்பாக்கிகளைக் கான்கிரீட்டில் போட்டுப் புதைத்த ஒரு பூங்கா உண்டு. சிமெண்டிலிருந்து துருப்பிடித்த குழாய்களும், பாதி புதைந்த ஒரு டாங்கியும் நீட்டிக்கொண்டிருக்கும்.

மற்ற இரண்டு போர்கள்

எல் சால்வடோரில் எஸ்கிபுலாஸ் நேரடியாகப் போரை நிறுத்தவில்லை. 1989 நவம்பரில் கெரில்லாக்கள் தலைநகருக்குள்ளேயே புகுந்தார்கள். ராணுவம் ஆறு இயேசுசபைப் பாதிரியார்களை, அவர்கள் வீட்டுச் சமையல்கார அம்மாவையும் மகளையும் சேர்த்துக் கொன்றது. இரு தரப்பும் ஜெயிக்க முடியாது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஐநா நடுவராக வந்தது. 1991 டிசம்பர் 31 நள்ளிரவில், பொதுச்செயலாளர் பெரெஸ் தே குவெய்யாரின் பதவிக்காலம் முடிகிற நேரத்தில், நியூயார்க்கில் உடன்பாடு வந்தது. 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோவின் சபுல்தெபெக் கோட்டையில் கையெழுத்து. குவாத்தமாலாவில் இன்னும் தாமதம்: 1996 டிசம்பர் 29. ஒன்பது வருடம் முன்னால் ஐவர் கையெழுத்துப் போட்ட அதே நகரம்.

எஸ்கிபுலாஸுக்கு ஒன்பது நாள் முன்னால், 1987 ஜூலை 29 அன்று, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ் வாசகருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டிலும் ஆயுதம் ஏந்தியவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அரசுகள் மட்டும் போட்டன. ஆனால் கொழும்பில் உத்தரவாதம் தந்தவர் பக்கத்துப் பெரிய நாடு. தன் படையையே அனுப்பியது. அக்டோபரில் அந்தப் படையே சண்டையில் இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்து 1990-இல் திரும்பியது. மத்திய அமெரிக்காவில் உத்தரவாதம் தர யாருக்கும் படை இல்லை. முன்னால் நின்ற நாட்டுக்கு ராணுவமே இல்லை. ஒருவரையொருவர் மேஜைக்கு இழுக்க அவர்களிடம் இருந்தது அடுத்த கூட்டத்தின் தேதி மட்டுமே. இரண்டு இடங்களின் வரலாறும் புவியியலும் வேறு, அதனால் ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

ஓர்ட்டேகா 2007-இல் மறுபடி ஆட்சிக்கு வந்தார். இன்னும் அவர்தான். 2021 ஆகஸ்டில் போலீஸ் ‘லா பிரென்சா’ அலுவலகத்துக்குள் நுழைந்தது. கட்டடத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதன் செய்தியாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். வியோலெட்டா சமோரோவையும் குடும்பத்தார் 2023-இல் கோஸ்டாரிகாவுக்குக் கொண்டுபோனார்கள். 2025 ஜூன் 14 அன்று, 95 வயதில், ஆரியாஸ் தன் திட்டத்தை முதலில் வாசித்த சான் ஹோசேயில் வியோலெட்டா இறந்தார். நிகராகுவா மறுபடி குடியரசாகும்வரை உடல் அங்கேயே தற்காலிகமாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.